சுட்டுவிரல்

வாரநாட்களில் நான் பல் செய்கிறவள்.
ஜெனோவாவில், துறைமுகத்துக்கு மேலே, மூன்றாம் மாடியில்,
யார் வாய்க்குப் போகுமென்றே தெரியாத கடைவாய்ப் பற்களுக்குப்
பீங்கானில் கொஞ்சம் மஞ்சள் சேர்ப்பேன், கொஞ்சம் காப்பிக்கறை.
ரொம்ப வெள்ளையாக இருந்தால்
பொய் தெரிந்துவிடும்.

ஞாயிறென்றால் பேருந்து.
மடியில் கேமரா, காலிடுக்கில் முக்காலி,
எண்ணெய்த்தாளில் ஒரு துண்டு ஃபொக்காச்சா.
ஸ்டாலியெனோ இடுகாட்டின் வளைவுத் தாழ்வாரங்களில்
கப்பல் முதலாளிகளும் சோப்பு வியாபாரிகளும்
தங்கள் விதவைகளைக் கல்லில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.
லேஸ் பின்னலில் ஒரு கண்ணி தவறவில்லை.
கையுறையில் தையல் உண்டு.
அழுகிறபோதும்
கழுத்துவரை பொத்தான் போட்டிருக்கிறார்கள்.

அவர்களுக்காகப் போகவில்லை நான்.
தூசிக்காகப் போனேன், முதலில்.

நூறு வருஷத்துக்கும் மேலான தூசி
நெற்றியில், மூக்குத்தண்டில், தோளில்
கறுப்பாய் அமர்ந்திருக்கிறது.
ஒளி விழவேண்டிய மேடெல்லாம் இருட்டு.
மோவாய்க்கு அடியில், முக்காட்டு மடிப்புக்குள்
வெள்ளை வெளேர்.
நான் பிறக்குமுன்பே யாரோ எடுத்து
அச்சுப்போட மறந்த நெகட்டிவ்.

அதில் ஒருத்தி
கயிறு விற்ற பியாஜோ தெல்பீனோவின் மகள்.
வெண்கலக் கதவு சாத்தியிருக்கிறது. அவள் தட்டப் போகிறாள்.
கதவுக்கும் மடங்கிய விரலுக்கும்
ஒரு நெல்லளவு இடைவெளி.
பீடத்தில் அப்பாவுக்குப் பெயர் உண்டு, பிறந்த தேதி உண்டு.
அவளுக்கு ‘மகள்’ என்பதோடு சரி.

பதினொரு வருஷமாய் அவளைப் படம் எடுக்கிறேன்.
எனக்குக் கல்யாணமான வருஷம் ஆறு படங்கள்.
அது முறிந்த வருஷம்
அறுபத்திரண்டு.

போன பிப்ரவரிக் காற்றில் கூரையோடு விழுந்து
சுட்டுவிரல் போயிற்று.
கூட்டி அள்ளியதில் பொடிதான் கிடைத்தது.
சிலைகளைச் செப்பனிடும் பெனெதெத்தா தொலைபேசினாள்:
உங்களிடம் படம் இருக்குமென்று காவலாளி சொன்னாரே?
இருக்குமாவா, என்றேன்,
முப்பத்திரண்டு பல்லும் தெரிய.

அன்றிரவு தரையெல்லாம் பரப்பினேன்.
முகம். முகம்.
மழைவெளிச்சத்தில் முகம்.
காதோர மயிர், கீழிமை, உதட்டோரம் ஒரு சிலந்திநூல்.
விரல்
சிலதில் மங்கிய புகை,
பலதில் சட்டத்துக்கு வெளியே,
தெளிவாய் விழுந்திருக்கவேண்டிய ஒன்றில்
குறுக்கே ஒரு புறா.
முகத்தைக் கண்டால் விரலைக் காணோம்.
தட்டப் போகிறவளை
இத்தனை வருஷம்
காத்திருக்கிறவள் என்றே பார்த்திருக்கிறேன்.

பெனெதெத்தா திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.
நான் செய்து தருகிறேன், என்றேன்.
பளிங்குத்தூள், பிசின், பல்லுக்குச் செதுக்கும் ஊசி.
என் விரல் தடிமன்.
கீழ்வீட்டு கொரின்னாவின் விரலை அச்சுக்கு இரவல் கேட்டேன்.
மீன்கடையில் நிற்பவள், கூச்சப்பட்டாள்,
மூன்றுமுறை எலுமிச்சை போட்டுக் கழுவிவிட்டு நீட்டினாள்.
நகத்தோரம் பழைய கத்திவெட்டு.
அதையும் விடாமல் செதுக்கினேன்.
பெனெதெத்தா கவனிக்கவில்லை,
அல்லது கவனித்தாள்.

ஒட்டிய அன்று
கறுத்த கையில் அது ஒன்றுமட்டும்
பால்பல் மாதிரி நின்றது.
கொஞ்சம் சாயம் பூசட்டுமா?
கூடாது, என்றாள்.
புதிதாய் வைத்தது புதிதென்று தெரியவேண்டும். எங்கள் விதி.
எங்கள் விதி வேறு, என்று சொல்லவந்து
விட்டுவிட்டேன்.

இப்போது முகத்தை எடுப்பதில்லை.
விரல் மட்டும். ஞாயிறுதோறும், அதே இடம், அதே உயரம்.
கொரின்னா ஒருதடவை வந்து பார்த்தாள்.
தன் விரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு
எதற்கோ
கதவை மெல்லத் தட்டினாள்.
உள்ளே வெறும் சுவர் போல. சத்தமே எழவில்லை.

நேற்று, முட்டியின் மேட்டில்,
சாம்பலாய் ஏதோ ஒரு பொட்டு.
கிட்டே போய்
மூச்சை அடக்கிக்கொண்டு
அழுத்தினேன்.